செம்மண் குன்றுக்குப் போன வண்டி

வழி தெரிந்தவள்தான் வண்டியில் முன்னால் உட்கார வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

"நாங்க பின்னாடி உட்கார்ந்துக்கறோம். ஊரையே கரைச்சுக் குடிச்சவ நீதானே, முன்னாடி ஏறு நாத்தனாரே."

இது மரியாதையா குத்தலா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். அண்ணி கணக்கு டீச்சர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் "எப்படி வந்தது? வழியை எழுது" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் உப்பு டப்பா இடம் மாறினால்கூட வழி கேட்பவள்.

பாக்கெட் அக்கா முன்னால் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கை, கைக்குள் வியர்வை. காலை ஆறரை மணிதான். அவள் இந்தக் கடற்கரை ஊருக்கு வேலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவது இதுதான் முதல் தடவை. வண்டியில் இருந்த ஆறு பேரில் இந்த உண்மை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, கடைசி இருக்கையில் வாயில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிய அவளுடைய தோழி.

பாக்கெட் அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, வேலை செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. கடலோரம் இருக்கிற பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. மேலே நானூறு அறைகள். அத்தனை அறையின் அழுக்குத் துணியும் ஒரு தகரக் குழாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு வந்து அவள் மேசைக்கு முன்னால் பொத்தென்று விழும். வெள்ளை தனி, கலர் தனி, கறைபட்டது தனி என்று அவள் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்த்தாக வேண்டும். ஒரு பேனா தப்பி மெஷினுக்குள் போனால் ஐம்பது வெள்ளைத் துணி நீலமாகிவிடும். அவள் கையில் இதுவரை ஒரு பேனாகூடத் தப்பியதில்லை. கிடைத்ததை அறை எண் எழுதிய உறையில் போட்டு மேலே அனுப்பிவிடுவாள். அவளுக்கு எதிரே நின்று ஆவி இயந்திரத்தில் சட்டை தேய்க்கிற தோழிக்கு ஆவி என்றே பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் "ஆவி எங்கே?" என்று யாராவது கத்துவதைக் கேட்டு முதல் நாள் மிரண்டு போவார்கள்.

பாக்கெட்டில் என்னதான் வராது? படகுச் சீட்டு வரும். சிப்பி வரும். ஐஸ்கிரீம் குச்சி வரும், கடை பெயர் போட்ட காகிதப் பை வரும். ஒரு தடவை உயிரோடு ஒரு குட்டி நண்டு வந்தது. அது மெஷின் எதிலும் விழாமல் மேசைக்கடியில் ஓடி, பாதி கூடத்தை நாற்காலிமேல் ஏற்றிவிட்டது. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து, மேலே இருக்கிற ஊரைப் பாக்கெட் அக்கா கீழே இருந்தே கட்டிவிட்டாள். எந்த மணல் எங்கே, எந்தக் கடையில் கூட்டம், எந்தப் படகில் நனைவார்கள் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும்.

போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், போயிருக்கலாம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வேலை முடிந்த கையோடு யூனிபாரத்தோடே ஹோட்டலின் முன்பக்க மணலில் இறங்கினாள். கடலுக்கும் அவளுக்கும் இருபது அடி. காவலாளி விசில் ஊதினான்.

"ஏய், வேலைக்காரங்களுக்குப் பின் கேட்டு அந்தப் பக்கம்."

அவள் திரும்பிவிட்டாள். 'உங்க கடலை நீங்களே வச்சுக்கோங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பினாள். வேறு உடுப்பில், வேறு பக்கமாக, மறுநாளே போயிருக்கலாம். ஊரில் நூறு பேர் போகிறார்கள். அவள் போகவில்லை. வந்தது ரோஷம், அது பதினான்கு வருஷம் இருந்துவிட்டது. பின் கேட், வேலையாட்கள் பஸ், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற குடியிருப்பு, மறுபடி பின் கேட். அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பவர். லீவில் வந்தால், "கடலைத் தவிர வேற எதைக் காட்டினாலும் பார்க்கறேன்" என்று படுத்துத் தூங்குவார். அவருக்கும் அது வசதி, இவளுக்கும் அது வசதி.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணனுக்குப் போன் போடுவாள். அண்ணனுக்கு மோட்டார் பம்பு ரிப்பேர் வேலை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வராது. போன் அண்ணி கைக்குப் போய்விடும். "கடற்கரை ஊர்ல இருக்கியே, என்னதான் பார்த்தே?" என்பாள் அண்ணி. ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால், "அதானே, நிலவறைக்குள்ள கிடக்கறவளுக்கு என்ன தெரியும்" என்று அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சைக் கேட்கக் கூடாது என்று ஒரு நாள் கறுப்பு மணல் கடற்கரையைப் பற்றிச் சொன்னாள். அடுத்த வாரம் பழத்தெரு. அப்புறம் அள்ளிவிட ஆரம்பித்தாள். அதைப் பொய் என்று சட்டென்று சொல்லிவிடக் கூடாது. சொன்னதெல்லாம் ஊரில் இருந்தது. அங்கே இல்லாதது அவள் ஒருத்திதான்.

இப்போது அண்ணன் லீவு போட்டு, அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டான். "ஒரே நாள்தான் பாப்பா. நீ சொன்னதெல்லாம் காட்டிடு," என்றான். நாற்பத்தாறு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பா.

முந்தின நாள் வேலையில் ஆவி கேட்டாள், "அக்கா, பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்?"

"எதுக்குடி? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"கண்ணால பார்த்ததில்லையே!"

"கையால பார்த்திருக்கேன். நீ வந்து உட்கார், போதும்."

ஓட்டுநர் சாவியைத் திருகினார். "எங்கம்மா போகணும்?"

"கறுப்பு மணல் கடற்கரைக்கு விடுப்பா," என்றாள் பாக்கெட் அக்கா. அப்படி ஒரு கடற்கரையே இல்லை என்று இந்த மனிதர் சொல்லிவிட்டால்?

"காலையிலயேவா? நல்லா விவரமான ஆளா இருக்கீங்களே. வெயில் ஏறினா அங்க கால் வைக்க முடியாது," என்றார் ஓட்டுநர்.

அவளுக்கு அது முன்பே தெரியும். கறுப்பு மணல் ஒட்டிய துணி காலை ஒன்பது மணிக்குள் குழாயில் வந்து விழுந்துவிடும், அதற்கு மேல் வராது. முன் இருக்கையில் அவள் முதுகு ஒரு விரல்கடை நிமிர்ந்தது.

தென்னை மரங்களுக்கு நடுவில் வண்டி வளைந்து இறங்கியதும், அண்ணன் மகள் "அத்தை!" என்று அலறினாள். மணல் நிஜமாகவே கறுப்பு, அரைத்த மிளகு போல. அதன்மேல் வெள்ளை நுரை வந்து விரிந்தது. பாக்கெட் அக்கா வண்டியைவிட்டு இறங்கி நின்றாள். பதினான்கு வருஷமாக நகக்கண்ணில் சுரண்டி எடுத்த மணல் இப்படி ஒரு மைல் நீளத்துக்குக் கிடக்கிறது! கத்த வேண்டும் போல இருந்தது. கத்த முடியாதே, பலமுறை பார்த்தவள் அல்லவா? ஆவியின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். ஆவி பதிலுக்குக் கிள்ளினாள். இருவரும் தோல் சிவக்கச் சிவக்க நின்றார்கள்.

"யாரும் உட்காராதீங்க!" என்றாள் பாக்கெட் அக்கா. "இது மெஷின்ல மூணு தடவை போட்டாலும் போகாது. தையலுக்குள்ள பூந்துக்கும். நின்னு பாருங்க, நடந்து பாருங்க. பாக்கெட் இருக்கறவங்க பாக்கெட்டை வெளிய இழுத்து விட்டுக்கோங்க."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். எந்த ஊரில் எந்த வழிகாட்டி இப்படிச் சொல்லுவான்? சொன்னதைக் கேட்காமல் அண்ணி உட்கார்ந்தாள். எழுந்தபோது பின்பக்கம் இரண்டு கறுப்பு வட்டம், தட்டினால் போகவில்லை.

"நான்தான் சொன்னேனே அண்ணி."

"சரி சரி, உனக்குத் தெரியும், ஒத்துக்கறேன்," என்றாள் அண்ணி. பதினான்கு வருஷத்தில் அண்ணி வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அது. காற்றில் பறப்பது போல வண்டியில் ஏறினாள்.

பழத்தெருவும் சொன்ன இடத்திலேயே இருந்தது. குறுகலான தெரு, இரு பக்கமும் தார்ப்பாய்க் கூரை, கூடை கூடையாகப் பழம். எல்லாரையும் தெருமுனையில் நிறுத்திக் கழுத்தில் துண்டு கட்டச் சொன்னாள். "அந்த ஊதாப் பழத்தைக் கடிச்சா முன்னாடி தெறிக்கும். எப்பவும் மூணாவது பொத்தானுக்குக் கீழதான் படும்." அண்ணன் துண்டை மறுத்தான். கடித்தான். மூன்றாவது பொத்தானுக்குக் கீழே தெறித்தது. மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத் துண்டு கேட்டார்கள்.

அங்கேதான் முதல் கல் தட்டியது. பழக்காரி பழத்தைப் பையில் போட்டுக்கொண்டே பாக்கெட் அக்காவை உற்றுப் பார்த்தாள்.

"புதுசா வந்திருக்கீங்களா? இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே."

"நான் வேற கடையில வாங்குவேன்," என்றாள் இவள் அவசரமாக.

"இந்தத் தெருவுல மொத்தமே ஏழு கடைதாம்மா. ஏழும் எங்க குடும்பம்தான்."

அண்ணியின் வலது புருவம் மெல்ல மேலே போயிற்று. விடைத்தாளில் வழி எழுதாமல் விடை மட்டும் எழுதின பிள்ளையைப் பார்க்கிற புருவம் அது. ஆவி உடனே, "ஐயையோ, மீன் வறுக்கற வாசனை! எனக்குப் பசி காதை அடைக்குது," என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். தலை தப்பியது.

கடலைப் பார்த்த ஒரு பலகைக் கடையில் வறுத்த மீன் சாப்பிட்டு, இளநீர் குடித்து முடித்ததும் அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்தது செம்மண் குன்றுதானே?"

பாக்கெட் அக்காவுக்கு இதில் பயமே இல்லை. ஊரில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்று உண்டென்றால் அது செம்மண் குன்றுதான். வாரத்துக்கு இருபது கால்சட்டையாவது வரும், தொடைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் சிவப்பாகக் கைத்தடம் பதிந்து. கையை ஊன்றி ஏறினால்தானே கையில் ஒட்டும், ஏறி முடித்தால்தானே கால்சட்டையில் துடைப்பார்கள்? கையை ஊன்ற வேண்டிய உயரம், ஒட்டுவது சிவப்பு. அது செம்மண் குன்று இல்லாமல் வேறு என்ன? அந்தக் கறைத் துணிகளை அவள் தனிப் பையில் போட்டுவிடுவாள். கறை எடுப்பது வேறு அறை, வேறு ஆட்கள். அதனால் அதற்கு மேல் அவளுக்குக் கேள்வியும் வந்ததில்லை. போனில் அந்தக் குன்றைப் பற்றி எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்பாள்! மேலே ஏறினால் மூன்று பக்கமும் கடல் என்றாள். நடுவில் ஒரு பாறை என்றாள். பாறையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டதாகக்கூட ஒரு தடவை சொல்லிவிட்டாள்.

"செம்மண் குன்றா? இந்த ஊர் சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டைம்மா. இங்க குன்றே கிடையாது," என்றார் ஓட்டுநர்.

"இருக்கு. நீங்க கரையோரமாவே விடுங்க, நான் சொல்றேன்."

விட்டார். ஒரு பக்கம் போனார்கள், இல்லை. திருப்பிக்கொண்டு மறுபக்கம் போனார்கள், இல்லை. சைக்கிளில் ஐஸ் விற்பவரைக் கேட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வலை உலர்த்துகிறவரைக் கேட்டார்கள். "குன்றுன்னா மேல ஏறிப் போகுமே, அதுவா? இங்க இல்ல," என்றார். மூன்றாவதாக ஒரு தபால்காரரைக் கேட்டார்கள். இருபது வருஷமாக இந்த ஊரில் தபால் கொடுக்கிறாராம். அவர் வருத்தப்பட்டே சொன்னார், இல்லை என்று.

"ஒரு வேளை வெட்டி எடுத்துட்டாங்களோ என்னவோ," என்றாள் பாக்கெட் அக்கா.

"குன்றையா?" என்றாள் அண்ணி.

"வீடு கட்ட மண்ணு எடுப்பாங்கல்ல."

"போன மாசம்தான் ஏறினதாச் சொன்னே."

"ஒரு மாசம் போதாதா?"

ஆவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாக்கெட் அக்காவுக்குக் காது சூடாகியது. இப்போதே ஒத்துக்கொண்டால் காலையில் கிடைத்த பாராட்டும் போய்விடும். பதினான்கு வருஷத்துப் பேச்சும் போய்விடும். நிலவறை மட்டும் மிஞ்சும். அந்தப் பெருமூச்சை இனிப் போனில் இல்லை, நேருக்கு நேர் கேட்க வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம் விடுங்க," என்றாள் பிடிவாதமாக.

கொஞ்ச தூரத்தில் சாலையே முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று நின்றது.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு. கொஞ்சம் ஏறி இறங்கிட்டு வரேன்," என்று அண்ணன் கதவைத் திறந்தான். மகள் பின்னால் ஓடினாள். எல்லாரும் ஏறினார்கள். ஏறுவதற்குச் சீட்டுக் கிடையாது, வாசலில் ஒரு காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து "பிடிச்சு ஏறுங்க" என்று மட்டும் சொன்னார். உள்ளே இரும்புப் படி, சுருள் சுருளாக மேலே போனது. ஆவி எண்ணிக்கொண்டே ஏறி எண்பதில் விட்டுவிட்டாள். மேலே கதவைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று எல்லாரையும் அறைந்தது. சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. மூன்று பக்கம் கடல்.

அண்ணன் கம்பியில் சாய்ந்து மூச்சு வாங்கினான். தங்கை வீட்டுக்கு வருகிறோமே என்று புதிதாக வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு கையையும் தொடையில் துடைத்தான்.

பாக்கெட் அக்கா பார்த்தாள். தொடைக்குப் பக்கத்தில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சிவப்பாக. ஐந்து விரலும் தெரிய.

"ஆவி!" என்று அவள் கத்திய கத்தலில் கம்பிமேல் உட்கார்ந்திருந்த பறவை பறந்துவிட்டது. "ஆவி, ஓடி வாடி! இங்க பாரு, இங்க பாரு! அதே கை! அதே இடம்! துருடி! மண்ணே இல்லடி, துரு! இதுதாண்டி நம்ம செம்மண் குன்று!"

அண்ணனின் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் குதித்தாள். ஆவியும் வந்து குதித்தாள். "மூணு பக்கம் கடல்னு சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!" என்றாள். கால்சட்டை நழுவாமல் இடுப்பில் பிடித்தபடி அண்ணன் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றான்.

அப்புறம்தான் அவளுக்கு அண்ணியின் முகம் கண்ணில் பட்டது. குதித்த கால் தரையில் நின்றது.

"அப்படின்னா," என்றாள் அண்ணி நிதானமாக, "நீ இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்ல."

பூசி மெழுக வழி இருந்தது, நான்கைந்து வழி இருந்தது. வேறு குன்று என்று சொல்லலாம், பெயர் மறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவள் கையில் அண்ணனின் கால்சட்டை இருந்தது, விரலில் துரு இருந்தது. பார்த்த சந்தோஷம் இன்னும் நெஞ்சுக்குள் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"இங்க மட்டும் இல்ல அண்ணி. எங்கயுமே வந்ததில்ல. கறுப்பு மணலும் இன்னைக்குத்தான் பார்த்தேன். எல்லாம் பாக்கெட்டுல வந்தது."

முதல் மாதம் காவலாளி விசில் ஊதியதிலிருந்து தபால்காரர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். அண்ணன், "ஏன் பாப்பா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றான். அவனுக்கு அது நீளமான பேச்சு.

அண்ணி கம்பிமேல் கை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ, கோபமோ என்று நினைக்கும்போது திரும்பினாள்.

"நான் என்ன பண்ணி வச்சிருக்கேன் தெரியுமா உனக்கு? பத்து வருஷமா பரீட்சையில கேள்வி கேட்டிருக்கேன். 'கடலோரத்தில் ஒரு செம்மண் குன்று உள்ளது. நூறு மீட்டர் தூரத்தில் உள்ள படகிலிருந்து பார்த்தால் அதன் உச்சி முப்பது பாகையில் தெரிகிறது. குன்றின் உயரம் என்ன?' அடியே, ஆயிரம் பிள்ளைங்க அந்தக் குன்றோட உயரத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்கடி! தப்பாப் போட்டவங்களுக்கு நான் மார்க்கைக் குறைச்சிருக்கேன்!"

முதலில் மகள்தான் வெடித்தாள். பிறகு ஆவி. ஆவி அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி சிரித்ததில் மூக்குக் கண்ணாடி நழுவி, அதை அண்ணன் பிடித்தான்.

"உங்களுக்கு யார் என் குன்றைப் பரீட்சையில போடச் சொன்னது?" என்றாள் பாக்கெட் அக்கா, அழுகையும் சிரிப்புமாக.

"நீ சொன்ன மாதிரி யாரும் சொல்லலையே! பாறையில உட்கார்ந்து தலை வாரினேன்னு சொன்னியே. அதைக் கேட்டப்புறம் எனக்கே வந்து வாரிக்கணும்னு இருந்தது. ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணலைன்னா எனக்கு அன்னைக்கு என்னமோ போல இருக்கும், தெரியுமா?"

"அப்போ அந்தப் பெருமூச்சு?"

"எந்தப் பெருமூச்சு?"

"போன்ல விடுவீங்களே."

"நான் மூணு மாடி ஏறி வந்து போனை வாங்கறவ. மூச்சு வாங்காதா?"

இதை முழுசாக நம்பிவிடப் பாக்கெட் அக்கா தயாராக இல்லை. குத்தல் கொஞ்சமாவது இருந்திருக்கும் என்றுதான் அவளுக்கு இன்றைக்கும் எண்ணம். ஆனால் அதை இப்போது கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"இந்தத் திங்கட்கிழமை கிளாஸ்ல உண்மையைச் சொல்லப் போறேன்," என்றாள் அண்ணி.

"தாராளமாச் சொல்லுங்க. குன்று இல்ல, கலங்கரை விளக்கம்னு மாத்திக்கோங்க. உயரத்தைக் கீழ உட்கார்ந்திருக்கறவர்கிட்ட கேட்டுட்டே போகலாம்."

அப்புறம் அவள் கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். யாருக்கும் பயப்படாமல், வாயைத் திறந்துகொண்டு, பார்க்காதவள் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். வீடுகள், தென்னை, தார்ப்பாய்க் கூரை, நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். அதன் பின்பக்க மாடியில் வரிசை வரிசையாக ஏதோ படபடத்தது. "ஆவி, நம்ம பெட்ஷீட்!" என்றாள். இத்தனை தூரத்திலிருந்து அது கைக்குட்டை அளவுதான் இருந்தது.

"அத்தை, அது என்ன?" மகள் வேறு பக்கம் கை காட்டினாள். ஊரின் கடைக்கோடியில், ஆறு மாதிரி ஏதோ வளைகிற இடத்தில், பளிச்சென்று நீலமும் மஞ்சளும் பச்சையும் சிதறிக் கிடந்தது.

பாக்கெட் அக்கா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். அந்த நிறத்தில் எந்தக் கறையும், அந்தப் பக்கத்துச் சீட்டும் பையும் எதுவும் அவள் கைக்கு வந்ததில்லை. மனசுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியலையே!" என்றாள். சொன்னதும் அவளுக்கே உடம்பெல்லாம் என்னவோ செய்தது. "நிஜமாவே தெரியல. வாங்க வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம். அண்ணா, உட்காராதே!"

சுருள் படியில் அவள்தான் முதலில் இறங்கினாள். ஓட்டுநர், "அந்தப் பக்கம் யாரையும் நான் கூட்டிட்டுப் போனதே இல்லம்மா, வழி சரியாத் தெரியாது," என்றார்.

"பரவாயில்ல, எனக்கும்தான் தெரியாது," என்றாள் அவள்.

இரண்டு தடவை வழி தவறினார்கள். ஒரு தடவை யாரோ வீட்டுக் கோழிக் கூட்டுக்கு முன்னால் போய் வண்டி நின்றது. வண்டி போகாத சந்துக்கு வந்ததும் இறங்கி நடந்தார்கள். முன்னால் பாக்கெட் அக்கா, கிட்டத்தட்ட ஓட்டமாக. பின்னால் அண்ணி, "ஏய், மெதுவா, என்னால முடியல," என்று மூச்சு வாங்கிக்கொண்டு. சந்து திறந்த இடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

படகு கட்டுகிற துறை. இருபது முப்பது படகு, மரக்கட்டைமேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சிலது வெறும் எலும்புக்கூடு. சிலது முழுசாகி, மேலிருந்து கீழே வரை புது வர்ணம் வழிய வழிய மினுங்கியது. மரத்தூள் வாசனை, தார் வாசனை. உளிச் சத்தம். சுற்றிப் பார்க்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. பாக்கெட் அக்கா நேராக ஒரு நீலப் படகை நோக்கி நடந்து, அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஐயோ, ஈரம்! தொடாதீங்கம்மா!" என்று தூரிகையோடு ஒருவர் ஏணியிலிருந்து கத்தினார்.

எடுத்துப் பார்த்தாள். கை முழுக்க நீலம். படகில் அவள் கை, ஐந்து விரலோடு. ஆவி ஓடி வந்து மோந்து பார்த்து, "இது நம்ம கூடத்துக்கு வந்ததே இல்லக்கா," என்றாள். அண்ணியும் பதறிக்கொண்டு வந்தாள்.

"எண்ணெய் வர்ணமாடி இது? எப்படிப் போகும்? உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

"தெரியாது அண்ணி," என்றாள் பாக்கெட் அக்கா. சொல்லிக்கொண்டே, தன்னுடைய நல்ல உடுப்பின் இடுப்பில் கையை அழுத்தித் துடைத்தாள். திருப்தியாக இல்லை போலிருக்கிறது. மறுபடி படகில் வைத்து எடுத்து, மறுபக்கமும் துடைத்தாள்.

ஏணிக்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்றார்.

அண்ணி முந்திக்கொண்டாள். "எங்க வழிகாட்டி," என்றாள்.